கண்ணாடியிழைப் பாய்மரப் படகின் மேல்தளத்தில் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கடலோடும் பாய்மரப் படகில் பணியாற்றுவோர் நீரில் விழாமல் காக்கும் கருவிகள் பல, படகின் மேல்தளத்தில் பொருத்தப்படுகின்றன. கருவியின் வலிமை அதன் மேல் பொறிக்கப்பட்ட எண்ணால் அறியப்படுகிறது. அதைத் தாங்கும் தளத்தின் வலிமையோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கண்ணாடியிழைத் தளத்தில் இடப்படும் ஒவ்வொரு துளையும் ஓர் உயிரைத் தாங்கும் விசைக்கு ஈடுகொடுக்க வேண்டும். அதேவேளையில் தளத்தினுள் நீர் புக வழிவிடாமலும் இருக்க வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்யும் பொருத்துமுறையை, கடல் விபத்துகள் தந்த படிப்பினைகளின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாய்மரப் படகு, கண்ணாடியிழை, மேல்தளம், தளவார், பிணைவார், பற்றுக்கண், அடித்தகடு, கசிவடைப்பு.

முன்னுரை

இந்தியக் கடற்படையின் 56 அடி நீளமுள்ள ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில், 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை இரு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்தனர். அவர்களுள் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர். இருவர் மட்டுமே செல்லும் இத்தகைய பயணத்தில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் தனியே தளத்தில் நிற்கிறார். இரவில் அவர் நீரில் விழுந்தால், உறங்குபவர் விழித்தெழுந்து, பாயை இறக்கி, படகைத் திருப்பித் தேடுவதற்குள் நெடுந்தொலைவு கடந்துவிடும். ஆகவே, விழுந்தவரை மீட்பதைக் காட்டிலும் விழாமல் காப்பதே ஆழ்கடல் பயணத்தின் முதன்மை நெறியாகக் கொள்ளப்படுகிறது. அந்நெறியைச் செயல்படுத்துபவை தளத்தில் பொருத்தப்படும் கருவிகளே. இன்றைய பாய்மரப் படகுகளுள் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. எனவே அப்பொருளின் இயல்பை அறிந்து கருவிகளைப் பொருத்துவது இன்றியமையாததாகிறது.

கருவிகளும் பெயர்களும்

படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் தமிழ்க் கடற்கரை மக்கள் வழங்குவர். அணியத்திலிருந்து அமரம் நோக்கித் தளத்தின் இருபுறமும் நீளவாக்கில் கட்டப்படும் தட்டையான நாடா அல்லது கம்பி, ஆங்கில வழக்கில் ஜாக்லைன் எனப்படுகிறது. இக்கட்டுரையில் அது ‘தளவார்’ எனக் குறிக்கப்படுகிறது. மாலுமி மார்பில் அணியும் பட்டை ‘உடற்கச்சை’. கச்சையைத் தளவாருடன் கொக்கியால் இணைக்கும் நாடா ‘பிணைவார்’. தளவாரின் முனைகளையோ பிணைவாரின் கொக்கியையோ பூட்டுவதற்காகத் தளத்தில் பொருத்தப்படும் உலோக வளையம் ‘பற்றுக்கண்’. தளத்தின் ஓரத்தில் வேலிபோல் நிற்பவை காவல் தூண்கள். அவற்றின் ஊடாகச் செல்பவை காவல் கம்பிகள். உயிர்காப்பு மிதவையைத் தாங்கும் தொட்டிலும் இவ்வரிசையில் அடங்கும்.

ஆழ்கடல் பாய்மரப் போட்டிகளுக்கான சிறப்பு விதிகளை வேர்ல்ட் செயிலிங் என்னும் பன்னாட்டு அமைப்பு வெளியிடுகிறது. மேல் காவல் கம்பி தளத்திலிருந்து குறைந்தது 600 மி.மீ. உயரத்தில் அமைய வேண்டும். அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே 2.20 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. நாடாவால் ஆன தளவார் குறைந்தது 2,040 கி.கி. விசையைத் தாங்க வேண்டும் என்பன அவ்விதிகளுள் சில. பற்றுக்கண்கள் தளத்தை ஊடுருவும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டோ பற்றவைக்கப்பட்டோ இருக்க வேண்டும் என்பதும் விதியாகும். கண்ணாடியிழையைப் பற்றவைக்க இயலாது. எனவே அத்தகைய படகுக்கு ஊடுருவும் போல்ட்டே வழியாகிறது.

விபத்துகள் உணர்த்துவன

1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கவ்ஸ் துறையிலிருந்து 303 படகுகளுடன் தொடங்கிய ஃபாஸ்ட்நெட் போட்டி கடும்புயலில் சிக்கியது. போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து நடைபெற்ற விசாரணை, உடற்கச்சைகளும் அவை பூட்டப்பட்டிருந்த இடங்களும் முறிந்தமையைக் கவனப்படுத்தியது. கச்சை அணிவது மட்டும் போதாது, அது பூட்டப்படும் இடமும் உறுதியாக இருக்க வேண்டும் என்னும் படிப்பினை அப்போட்டியிலிருந்து பெறப்பட்டது. 1998 டிசம்பரில் நடைபெற்ற சிட்னி–ஹோபார்ட் போட்டியில் 115 படகுகள் புறப்பட்டன. 6 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரான ஒலிம்பிக் வீரர் கிளின் சார்ல்ஸ், படகு புரண்டபோது பிணைவார் அறுந்து கடலில் வீசப்பட்டார்.

2017 நவம்பரில் தென்பெருங்கடலில் கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியின்போது நிகழ்ந்த உயிரிழப்பு வேறொரு குறையை வெளிப்படுத்தியது. விழுந்த மாலுமி பிணைவார் அணிந்து தளவாருடன் இணைக்கப்பட்டே இருந்தார். ஆனால் பிணைவாரின் கொக்கி, தளத்தில் கயிறு கட்டுவதற்காகப் பொருத்தப்பட்டிருந்த கிளீட் ஒன்றன் அடியில் சிக்கிக்கொண்டது. நேர்விசையைத் தாங்க வடிவமைக்கப்பட்ட கொக்கி, பக்கவாட்டு விசையால் வளைந்து விடுபட்டது என்பதைப் பிரித்தானியக் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு கண்டறிந்தது. கொக்கி, தளவார், கிளீட் ஆகிய மூன்றும் தத்தம் அளவில் பயன்படத்தக்கவையே. அவை ஒன்றுக்கொன்று அமைந்த இடமே உயிரிழப்புக்கு வழிவகுத்தது.

இவ்விபத்துகளிலிருந்து ஒரு கருத்துப் பெறப்படுகிறது. மாலுமியின் உடலிலிருந்து படகின் தளம் வரை நீளும் பிணைப்பு ஒரு சங்கிலி. உடற்கச்சை, பிணைவார், கொக்கி, தளவார், பற்றுக்கண், போல்ட், தளம் என அதன் கண்ணிகள் அமைகின்றன. அவற்றுள் மெலிந்த கண்ணியின் வலிமையே முழுச் சங்கிலியின் வலிமை. முதல் ஐந்து கண்ணிகளும் கடையில் வாங்கப்படுவன. இறுதி இரண்டின் உறுதியோ பொருத்துபவரின் கைத்திறனைச் சார்ந்தது.

விசையின் அளவு

80 கி.கி. எடையுள்ள ஒருவர், படகு பக்கவாட்டில் சாயும்போது 2 மீட்டர் விழுந்து, பிணைவாரும் தளவாரும் 0.3 மீட்டர் நீள்வதற்குள் தடுத்து நிறுத்தப்படுவதாகக் கொள்ளலாம். ஆற்றல் கணக்கின்படி அவரை நிறுத்தும் சராசரி விசை ஏறத்தாழ 6,000 நியூட்டன், அதாவது 600 கி.கி. எடைக்கு நிகரானது. இவ்விசை தளவாரின் நடுவில் குறுக்காகச் செயல்படுகிறது. தளவார் தன் நேர்க்கோட்டிலிருந்து 15 பாகை வளைந்திருந்தால், ஒவ்வொரு முனையிலும் அவ்விசையின் 1.93 மடங்கு இழுவிசை தோன்றும். ஆகவே முனையிலுள்ள பற்றுக்கண் ஏறத்தாழ 1,160 கி.கி. இழுப்பைத் தாங்க நேரிடுகிறது. வளைவு 5 பாகை மட்டுமே எனின் பெருக்கம் 5.7 மடங்காகும். நீளாத கம்பியை விறைப்பாகக் கட்டுவது பற்றுக்கண்ணுக்குப் பெருஞ்சுமையாவது இதனால் விளங்கும். விதிகள் கூறும் 2,040 கி.கி. என்னும் அளவு மிகையானதன்று.

காவல் தூணின் சிக்கல் நெம்புகோல் சார்ந்தது. 600 மி.மீ. உயரமுள்ள தூணின் உச்சியில் 75 கி.கி. விசையுடன் ஒருவர் சாய்ந்தால், அடியில் 60 மி.மீ. இடைவெளியில் அமைந்த போல்ட் வரிசைகளுள் ஒன்று ஏறத்தாழ 750 கி.கி. விசையால் மேல்நோக்கி இழுக்கப்படும். துறையில் படகை இழுக்கத் தூணைப் பற்றுகோலாகக் கொள்ளும் வழக்கம் இதனால்தான் தீங்கானது. ஒவ்வோர் இழுப்பும் அடியிலுள்ள கசிவடைப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறது.

தளத்தின் உட்கட்டமைப்பு

கண்ணாடியிழைத் தளம் வெளித்தோற்றத்தில் ஒரே திண்மப் பொருள்போல் காணப்படினும், பெரும்பாலான படகுகளில் அது மூன்று அடுக்குகளால் ஆனது. மேலும் கீழும் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடியிழைத் தோல்கள். இடையே எடை குறைந்த நடுவடுக்கு. நடுவடுக்கு பால்சா மரத்தாலோ, செயற்கை நுரைப்பலகையாலோ, ஒட்டுப்பலகையாலோ அமையும். இரு தோல்களும் விலகி நிற்பதால் தளம் எளிதில் வளையாத விறைப்பைப் பெறுகிறது.

இவ்வமைப்பில் இரு பலவீனங்கள் உள்ளன. முதலாவது, நடுவடுக்கு அழுத்தத்திற்கு நசுங்கும். போல்ட்டை இறுக்கும்போது இரு தோல்களும் ஒன்றையொன்று நெருங்க, இடையிலுள்ள பால்சா நசுங்கி, இறுக்கம் நாளடைவில் தளரும். இரண்டாவது, நடுவடுக்கு நீருக்கு இடங்கொடுக்கும். துளையின் வழியே கசியும் நீர் மரத்தில் ஊறி அழுகலை உண்டாக்கும். தோல்கள் நடுவடுக்கிலிருந்து பிரியும். மேற்பரப்பில் எவ்வித அடையாளமும் தோன்றாமலேயே பற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள தளம் வலுவிழந்துவிடும். உயிர்காக்கப் பொருத்திய கருவியே அதைத் தாங்கும் தளத்தை அழிக்கும் முரண் இங்குத் தோன்றுகிறது.

படகு கட்டுவோர் கருவிகள் அமையவிருக்கும் இடங்களில் நடுவடுக்கை விடுத்துத் திண்மக் கண்ணாடியிழையாகவே வார்ப்பதுண்டு. பின்னாளில் உரிமையாளர் சேர்க்கும் கருவிகள் அவ்விடங்களில் அமைவது அரிது. எனவே புதிய துளை ஒவ்வொன்றும் நடுவடுக்கைக் கடந்தே செல்லும் எனக் கருதிச் செயல்படுவது தகும்.

துளையிடுதலும் நடுவடுக்கைக் காத்தலும்

பணியின் முதற்படி தளத்தின் அடிப்பகுதியைக் காண்பதாகும். உள்கூரைப் பலகையை அகற்றி, மின்கம்பிகள், குழாய்கள், குறுக்குச் சட்டங்கள் ஆகியன இல்லாத இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். அடியில் கை நுழைந்து நட்டைத் திருக இயலாத இடம் பற்றுக்கண்ணுக்கு உகந்த இடமாகாது. அடுத்து, சிறு நெகிழிச் சுத்தியலால் தளத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல தளம் கூர்மையான ஒலி தரும்; தோல் பிரிந்த அல்லது நீர் ஊறிய தளம் மந்தமான ஒலி தரும். பின்னர் 3 மி.மீ. சோதனைத் துளையிட்டு, வெளிவரும் மரத்தூளைச் சோதிக்க வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் நலத்தின் அறிகுறி. கருத்த ஈரத்தூள் அழுகலின் அறிகுறி. அழுகல் காணப்பட்டால் அப்பகுதியின் நடுவடுக்கை மாற்றிய பின்னரே பணியைத் தொடர வேண்டும்.

நல்ல தளத்தில் பின்பற்றத்தக்க முறை வருமாறு:

1. 8 மி.மீ. போல்ட்டுக்கு 16 முதல் 20 மி.மீ. வரை அகலமுள்ள துளையை மேல்தோலிலும் நடுவடுக்கிலும் மட்டும் இடுதல். கீழ்த்தோலை எட்டும் முன் நிறுத்துவதற்காகத் துளைக்கருவியின் அலகில் ஒட்டுநாடாவால் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

2. துளையினுள் தூளை நீக்கி, தடிப்பாக்கப்படாத எப்பாக்சிப் பிசினைப் பூசி நடுவடுக்கை நனைத்தல். வெட்டுண்ட மரநார்கள் பிசினை உறிஞ்சிக்கொள்ளும்.

3. நுண்சிலிகாவோ பொடித்த கண்ணாடியிழையோ கலந்து தடிப்பாக்கிய எப்பாக்சியால், காற்றுக்குமிழி இல்லாதவாறு துளையை நிரப்புதல்.

4. பிசின் முழுமையாக இறுகிய பின், அதன் நடுவே 8 மி.மீ. துளையை அடிவரை இடுதல்.

5. துளையின் மேல்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, கசிவடைப்பான் தங்குவதற்கு ஒரு சிறு குழிவை ஏற்படுத்துதல்.

இம்முறையால் போல்ட்டைச் சுற்றி எப்பாக்சி உருளை ஒன்று உருவாகிறது. அது இரு தோல்களுக்கும் இடையே தூணாக நின்று நசுங்கலைத் தடுக்கிறது. கசிவடைப்பான் பின்னாளில் பழுதுபட்டாலும் நீர் நடுவடுக்கைத் தொடாமல் காக்கிறது. துளையிடுதலுக்கும் பொருத்துதலுக்கும் இடையே பிசின் இறுகுவதற்கான ஒருநாள் காத்திருப்பே இம்முறை கோரும் கூடுதல் விலை.

அடித்தகட்டின் பணி

போல்ட்டின் இழுப்பைத் தளத்தின் பரப்பில் பகிர்ந்தளிப்பது அடித்தகடு. 24 மி.மீ. விட்டமுள்ள நான்கு வாஷர்கள் தளத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1,600 சதுர மி.மீ. மட்டுமே. 120 × 150 மி.மீ. அளவுள்ள தகடு 18,000 சதுர மி.மீ. பரப்பைத் தருகிறது, அதாவது ஏறத்தாழ 11 மடங்கு. வாஷர் மட்டும் இடப்பட்ட போல்ட், பெருவிசையில் கீழ்த்தோலைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடக்கூடும். விறைப்பான தகடு இருப்பின் விசை அகன்ற பரப்பில் பரவுகிறது. தகடு மெல்லியதாயின் வளைந்து இப்பயனை இழக்கும்.

அடர்த்தியாக அழுத்தி வார்க்கப்பட்ட கண்ணாடியிழைப் பலகை தகட்டுக்கு ஏற்ற பொருள். அது துருப்பிடிப்பதில்லை, தளத்துடன் எப்பாக்சியால் நன்கு ஒட்டும். அலுமினியத் தகட்டைத் துருவேறா எஃகு போல்ட்டுடன் சேர்க்கும்போது, உப்புநீரில் மின்வேதி அரிப்பு தோன்றி அலுமினியம் கரையும். இடையே காப்புப்பொருள் வேண்டும். தளத்தின் அடிப்பரப்பு சமமாக இராது. எனவே தடிப்பாக்கிய எப்பாக்சியைப் பரப்பி அதன் மேல் தகட்டை அமர்த்தினால்தான் முழுப்பரப்பும் விசையைத் தாங்கும். தகட்டின் மூலைகளை உருட்டுவதும் தேவை. கூரிய மூலையில் விசை குவிந்து தளத்தில் வெடிப்பை உண்டாக்கும்.

கசிவடைப்பும் இறுக்குதலும்

கசிவடைப்பான்களுள் பியூட்டைல் நாடா என்றும் இறுகாமல் நெகிழ்ந்தே இருக்கும். பின்னர் கழற்றுவதும் எளிது. பாலிசல்ஃபைடு இறுகியபின்னும் ரப்பர்போல் நெகிழும். வலிய பாலியூரித்தேன் பசைகள் கருவியைத் தளத்துடன் நிலையாக ஒட்டிவிடுவதால், பின்னாளில் கழற்றும்போது தோலே உரியக்கூடும். சிலிக்கோன் விட்டுச்செல்லும் படலத்தின் மேல் வேறெந்த அடைப்பானும் எளிதில் ஒட்டாது.

இறுக்குதலில் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே போல்ட்டின் தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே மற்றொருவர் நட்டைத் திருக வேண்டும். போல்ட் சுழன்றால் அதைச் சுற்றி அமைந்த அடைப்பு அறுபடும். அடைப்பான் முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு ஒரே மூச்சில் இறுக்குவதும் தவறு. முதலில் சிறிது இறுக்கி, பின்னர் படிப்படியாக முழு இறுக்கம் தருவதால் கருவிக்கும் தளத்திற்கும் இடையே நெகிழ்வான படலம் எஞ்சும்.

இடத்தேர்வு

உறுதியாகப் பொருத்திய கருவியும் தவறான இடத்தில் அமைந்தால் உயிருக்குத் தீங்காகும். 2011 ஜூனில் ஆங்கிலக் கால்வாயில் ‘லயன்’ என்னும் பந்தயப் படகின் தலைவர் நீரில் விழுந்தார். அவருடைய பிணைவார் அறுபடவில்லை. படகின் பக்கவாட்டில் பிணைக்கப்பட்ட நிலையிலேயே அவர் மூழ்கி இறந்தார். பிணைவாரின் நீளத்தைவிடத் தளத்தின் ஓரம் அண்மையில் இருந்தால், அது விழுதலைத் தடுப்பதில்லை. விழுந்தவரைப் படகோடு சேர்த்து நீரில் இழுத்துச்செல்கிறது. எனவே தளவாரையும் பற்றுக்கண்களையும் இயன்ற அளவு படகின் நடுக்கோட்டை ஒட்டி அமைப்பதும், குட்டையான பிணைவாரைப் பயன்படுத்துவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. தளவாரின் பின்முனை அமரத்திற்குச் சற்று முன்பாகவே முடிவுறுதல் வேண்டும்; இன்றேல் விழுந்தவர் படகின் பின்னால் இழுபடுவார்.

உள்ளறையின் வாயிலருகே ஒரு பற்றுக்கண் கட்டாயம் தேவை. மாலுமி தளத்திற்கு ஏறும் முன் கொக்கியைப் பூட்டவும், உள்ளே இறங்கிய பின் கழற்றவும் அது உதவும். தளவாரின் பாதையில் கிளீட் முதலிய தடைகள் இருப்பின் கொக்கி அவற்றில் சிக்கும் வாய்ப்பை முன்கூட்டியே சோதித்தறிதல் வேண்டும். தளம் முழுவதும் கொக்கியைக் கையால் இழுத்து நடந்து பார்ப்பதே அதற்குரிய எளிய சோதனை. மிதவையின் தொட்டிலை, 15 நொடிகளுக்குள் மிதவையைக் காவல் கம்பி வரை கொண்டுவர இயலும் இடத்தில் அமைக்க வேண்டும். அலை அடியிலிருந்து தூக்கும் விசையையும் அதன் போல்ட்டுகள் தாங்க வேண்டும்.

பராமரிப்பு

துருவேறா எஃகு, காற்றுப்படும் இடத்தில் மட்டுமே தன் காப்புப் படலத்தைப் பேணிக்கொள்ளும். ஈரம் தேங்கிக் காற்றுப் புகாத துளையினுள் அது இடுக்கு அரிப்புக்கு ஆளாகும். வெளியே பளபளக்கும் போல்ட், தளத்தின் நடுவே கழுத்துச் சிறுத்து நிற்கக்கூடும். பற்றுக்கண்ணின் அடியில் பழுப்புக் கறை, உள்கூரையில் ஈரத்தடம், கருவியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஆகியவை கண்டவுடன் போல்ட்டைக் கழற்றிச் சோதிக்க வேண்டிய அறிகுறிகள். நாடாவால் ஆன தளவார் வெயிலில் வலுவிழக்கும். பயணம் முடிந்ததும் கழற்றி உள்ளே வைப்பது அதன் ஆயுளை நீட்டிக்கும். புதிய பொருத்துதலை முதற்கடல் பயணத்திற்கு முன்பே நீர் பாய்ச்சிச் சோதித்தல் நலம். அடித்தகட்டை மறைக்கும் உள்கூரைப் பலகையை எளிதில் கழற்றத்தக்கதாக அமைத்தால், பின்வரும் சோதனைகள் தடையின்றி நிகழும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பாதுகாப்புக் கருவியின் வலிமை, கருவியில் தொடங்கித் தளத்தின் அடிப்பரப்பில் முடிகிறது. தளவாரின் விறைப்பும் தூணின் உயரமும் விசையைப் பன்மடங்காக்குவதால், ஊடுருவும் போல்ட்டும் அகன்ற அடித்தகடும் தவிர்க்க இயலாதவை. நடுவடுக்கை எப்பாக்சியால் அடைத்துக் காப்பது, கருவியின் வலிமைக்கும் தளத்தின் ஆயுளுக்கும் ஒருசேரப் பயன்படும் செயலாகும். 2011, 2017 ஆகிய ஆண்டுகளின் விபத்துகள் காட்டுவதுபோல, கருவியின் உறுதிக்கு நிகராக அதன் இடமும் உயிரைக் காக்கிறது. புயலின் நடுவே கொக்கியைப் பூட்டும் மாலுமிக்கு, தளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சோதித்தறிய வாய்ப்பில்லை. அச்சோதனையைப் படகு துறையில் நிற்கும்போதே செய்து முடிப்பது பொருத்துபவரின் கடமையாகும்.